மரம் குடித்த பிசின்

கைவினைப் பொருள்கள் விற்கும் கடைகளில் சில ஆண்டுகளாக ஒரு புது வகைப் பேனா கண்ணில் படுகிறது. அதன் உடல் ஒரு பக்கம் மரம், மறுபக்கம் ஒளி ஊடுருவும் நீலம் அல்லது பச்சை. மரத்தின் விளிம்பு நேர்கோடாக இருக்காது. பட்டையை உரித்ததும் தெரியும் மேடு பள்ளம், வெடிப்பு, பூச்சி துளைத்த ஓட்டை எல்லாம் அப்படியே இருக்கும். அந்தப் பள்ளங்களுக்குள் நீலம் மயிரிழை இடைவெளியும் விடாமல் புகுந்திருக்கும். விரலால் தடவினால் மரம் எங்கே முடிகிறது, நீலம் எங்கே தொடங்குகிறது என்று தெரியாது.

இதை எப்படி ஒட்டினார்கள் என்றுதான் எல்லோரும் கேட்பார்கள். ஒட்டவில்லை, ரெசினை ஊற்றி வார்த்தார்கள் என்று கடைக்காரர் சொல்வார். கேள்வி அதோடு தீராது. வீட்டில் ஒரு மரத்துண்டைத் தண்ணீருக்குள் அமுக்கிப் பிடித்துப் பாருங்கள். ஓரமெல்லாம் குமிழி கிளம்பும். தண்ணீரிலேயே இப்படியென்றால், அதைவிடக் கெட்டியான ரெசினில் அந்தக் குமிழிகள் மேலே வர வழியில்லாமல் அங்கங்கே சிக்கி நின்றிருக்க வேண்டும். பேனாவிலோ ஒரு குமிழியும் இல்லை. மரத்துக்குள் இருந்த காற்று எங்கே போயிற்று?

கடலூர்ப் பக்கத்து வாசகருக்கு இன்னொரு கேள்வியும் எழும். கடலூரிலிருந்து சிதம்பரம் போகும் வழியில் சிப்காட் ஆலைகளை ஒட்டி இருக்கிறது செம்மங்குப்பம். அங்கே 2009 முதல் இயங்கும் கெம்பிளாஸ்ட் ஆலையில் தயாராகும் பொருளுக்கும் ரெசின் என்றுதான் பெயர். அது பி.வி.சி. ரெசின். ஊருக்குப் பக்கத்திலேயே டன் கணக்கில் ரெசின் இருக்கும்போது, அதையே உருக்கி ஊற்றிப் பேனா செய்யலாமே?

செய்ய முடியாது. ஏன் முடியாது என்று புரிந்துகொண்டால் பேனாவின் ரகசியத்தில் பாதி விளங்கிவிடும். அதனால் அங்கிருந்தே தொடங்கலாம்.

இரண்டு ரெசின்கள்

செம்மங்குப்பத்து ஆலைக்கு மூலப்பொருள் கப்பலில் வருகிறது. அதன் பெயர் வினைல் குளோரைடு. சாதாரண அழுத்தத்தில் அது ஒரு வாயு. அழுத்தித் திரவமாக்கிக் கொண்டுவருகிறார்கள். அந்தத் திரவத்தைத் தண்ணீரில் நுண்துளிகளாகக் கலக்கி வினைபுரிய வைத்தால், சின்னஞ்சிறு மூலக்கூறுகள் ஒன்றின் கையை ஒன்று பற்றிக்கொண்டு நீளமான சங்கிலிகளாகின்றன. ஒரு சங்கிலியில் ஏறக்குறைய ஆயிரம் கண்ணிகள் இருக்கும். இப்படிச் சிறு மூலக்கூறுகள் கோத்துக்கொண்டு பெரிதாவதைப் பலபடியாதல் என்கிறோம். கடைசியில் கிடைப்பது வெள்ளைப் பொடி. அதுவே பின்னர் தண்ணீர்க் குழாயாகவும் மின்கம்பியின் உறையாகவும் மாறுகிறது.

ஆக, இந்த ரெசினில் சங்கிலி முன்பே கோத்து முடிந்துவிட்டது. ஆலையை விட்டு வெளியே வரும்போதே மூலக்கூறுகள் பெரியவை. இதை இளக்கிப் பாயவைக்க 170, 180 டிகிரி செல்சியஸ் வரை சூடாக்க வேண்டும். அப்போதும் அந்த நீண்ட சங்கிலிகள் ஒன்றில் ஒன்று சிக்கிக்கொள்வதால், மிகக் கெட்டியான பாகாகத்தான் நகரும். கூடுதலாகச் சூடுபட்டால் சிதைந்து, ஹைட்ரஜன் குளோரைடு என்ற அமில வாயுவை வெளிவிடும். மரத்தின் நுண்துளைகளுக்குள் இது நுழைவது நடக்காத காரியம்.

பேனாவுக்கு ஊற்றும் ரெசின் வேறு இனம். அதன் உறவுக்காரர் நம் வீடுகளில் முன்பே இருக்கிறார். அரால்டைட் என்ற பெயரில் இரண்டு சிறு குழாய்களாக வரும் பசையைப் பயன்படுத்தாதவர்கள் குறைவு. ஒன்று எபாக்சி ரெசின், மற்றது அதை இறுக வைக்கும் ஹார்டனர். தனித்தனியே இருக்கும்வரை இரண்டிலும் மூலக்கூறுகள் சிறியவை, அதனால் பாயும். கலந்ததும் ஒன்றோடொன்று பிணையத் தொடங்குகின்றன. நீளவாக்கில் மட்டும் பிணைந்தால் சங்கிலி. இங்கே பக்கவாட்டிலும் பிணைந்து, எல்லாத் திசையிலும் விரியும் ஒரே வலையாகிவிடுகின்றன. இந்தப் பக்கவாட்டுப் பிணைப்புக்குக் குறுக்குப் பிணைப்பு என்று பெயர். வலை உருவான பிறகு எவ்வளவு சூடாக்கினாலும் மீண்டும் உருகாது, கருகத்தான் செய்யும். சுவிட்சர்லாந்தின் பியர் காஸ்டானும் அமெரிக்காவின் சில்வன் கிரீன்லீயும் 1930கள், 40களில் தனித்தனியே உழைத்து எபாக்சியை உலகுக்குக் கொண்டுவந்தார்கள்.

குறுக்குப் பிணைப்பு இந்தியப் பேனாவுக்குப் புதிதல்ல. சுதேசிப் பேனா என்று பெயர் வாங்கிய ராஜமுந்திரி ரத்தினம் பேனா 1932இல் பிறந்தது. காந்தி அதை வாங்கி எழுதிப் பார்த்துவிட்டு 1935இல் நன்றிக் கடிதம் எழுதினார். நம் திருவள்ளூரில் ரங்கா நிறுவனத்தார் இன்றும் கையால் கடைந்து பேனா செய்கிறார்கள். இவ்விரு இடங்களிலும் பேர்பெற்ற பொருள் எபோனைட். அது ரப்பரோடு நிறையக் கந்தகம் சேர்த்துச் சூடாக்கிக் கெட்டியாக்கியது. ரப்பரின் சங்கிலிகளுக்கு நடுவே கந்தகம் குறுக்கே பாலம் போடுவதால்தான் இழுபடும் ரப்பர் கொம்பைப் போன்ற கடினம் பெறுகிறது.

ஆகவே மரத்தை நிரப்ப வேண்டிய பொருளுக்கு ஒரே விதி. சிறியதாக நுழைய வேண்டும். உள்ளே போன பிறகு பெரிதாக வேண்டும். இந்த அத்தியாயம் முழுவதும் இந்த ஒரு விதியைத்தான் பின்தொடரப் போகிறோம்.

மரத்தில் மரம் எவ்வளவு?

ஒரு முந்திரி மரத்துண்டை எடுத்துக்கொள்வோம். பேனாவின் உடலுக்குத் தேவையான அளவு: 15 மில்லிமீட்டர் அகலம், 15 மில்லிமீட்டர் உயரம், 120 மில்லிமீட்டர் நீளம். கொள்ளளவு 27 கன சென்டிமீட்டர். முந்திரி கனமில்லாத மரம். நன்றாகக் காய்ந்த முந்திரியில் ஒரு கன சென்டிமீட்டர் அரை கிராம் நிற்கும் என்று வைத்துக்கொண்டால், நம் துண்டின் எடை 13.5 கிராம்.

இப்போது ஒரு வியப்பான உண்மை. எந்த மரமானாலும், அதன் செல்களின் சுவர் எந்தப் பொருளால் ஆனதோ அந்தப் பொருளின் அடர்த்தி ஏறக்குறைய ஒன்றுதான்: ஒரு கன சென்டிமீட்டருக்கு 1.5 கிராம். முந்திரிக்கும் அதுதான், கருங்காலிக்கும் அதுதான். அப்படிப் பார்த்தால் நம் துண்டில் இருக்கும் 13.5 கிராம் மரப்பொருள் அடைக்கும் இடம் 9 கன சென்டிமீட்டர் மட்டுமே. மீதி 18? அத்தனையும் காற்று. கையில் திடமாகத் தெரியும் துண்டில் மூன்றில் இரண்டு பங்கு வெறும் வெளி.

மரப்பொருள் தண்ணீரைவிடக் கனமானது. மரம் மிதப்பது இந்தக் காற்றின் தயவால். கருங்காலி தண்ணீரில் மூழ்குவதற்குக் காரணம், அதில் வெளி மிகக் குறைவு என்பதே.

இந்த வெளி எப்படி அமைந்திருக்கிறது? ஒரு வைக்கோல் கட்டை நினைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு தாளும் உள்ளே பொள்ளல். எல்லாம் ஒரே திசையில் படுத்திருக்கும். மரத்தில் நீர் ஏறும் குழல்கள் கால் மில்லிமீட்டர் வரை அகலம் கொண்டவை. சில மரங்களில் வெறும் கண்ணுக்கே துளையாகத் தெரியும். அவற்றைச் சுற்றியிருக்கும் நார்ச் செல்களின் உள்வெளி அதைவிடப் பத்து மடங்குக்கும் மேல் குறுகலானது. ஒரு செல்லிலிருந்து அடுத்த செல்லுக்குப் போகும் வாசல்கள் இன்னும் நுண்ணியவை. பெரிய மூலக்கூறுக்கும் கெட்டியான பாகுக்கும் இங்கே இடமில்லை.

முதலில் தண்ணீர் போகட்டும்

காற்றை வெளியேற்றும் முன் தண்ணீரை வெளியேற்ற வேண்டும். புதிதாக இந்தக் கைவேலைக்கு வருகிறவர்கள் தடுக்கி விழும் இடம் பெரும்பாலும் இதுதான்.

வெயிலில் மாதக் கணக்கில் காய்ந்த மரத்திலும் நீர் இருக்கும். செல் சுவரே காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துப் பிடித்து வைத்திருக்கிறது. ஐப்பசி, கார்த்திகை மழையில் கடலோரக் காற்றில் கிடக்கும் மரம் தன் எடையில் 15 சதவீதம் அளவுக்கு நீர் வைத்திருப்பது இயல்பு. நம் முந்திரித் துண்டில் அது 2 கிராம். சித்திரை வெயிலில் குறையும், அடுத்த மழையில் ஏறும். நீர் ஏறி இறங்கும்போதெல்லாம் மரமும் உப்பிச் சுருங்கும். மழையில் கதவு இறுகிக்கொள்வதும் கோடையில் இளகுவதும் இதனால்தான்.

சுருக்கம் எல்லாத் திசையிலும் ஒன்றுபோல் இல்லை. பச்சை மரம் முழுக்கக் காயும்போது ஆண்டு வளையத்தை ஒட்டிய திசையில் 8 சதவீதம் வரை சுருங்கலாம். நடுவிலிருந்து வெளிநோக்கிய திசையில் அதில் பாதி. நீளவாக்கில் ஆயிரத்தில் ஒன்றோ இரண்டோ பங்குதான். காயாத மரத்தை ரெசினுக்குள் வைத்து வார்த்தால், பின்னர் மரம் சுருங்க முயலும், இறுகிய ரெசின் விடாது. இரண்டும் சேருமிடத்தில் வெடிப்பு விழும்.

ஆகவே துண்டை 103 டிகிரி செல்சியஸ் சூட்டில் அடுப்பில் வைத்து உலர்த்துகிறார்கள். எத்தனை மணி நேரம் என்று கடிகாரம் பார்ப்பதைவிடத் தராசைப் பார்ப்பது மேல். எடுத்து நிறுக்க வேண்டும். மறுபடி வைத்து மறுபடி நிறுக்க வேண்டும். இரண்டு நிறுவைக்கு நடுவே எடை மாறவில்லை என்றால் தண்ணீர் போய்விட்டது. உலர்ந்த துண்டை வெளியே ஆறவைத்தால் காற்றிலிருந்து ஈரத்தை மறுபடி இழுத்துக்கொள்ளும். காற்று புகாத டப்பாவிலோ பையிலோ மூடித்தான் ஆறவைக்க வேண்டும்.

பம்ப் செய்வதும் செய்யாததும்

உலர்ந்த துண்டை ஒரு கண்ணாடிப் பாத்திரத்தில் வைத்து, மிதக்காமல் மேலே பாரம் ஏற்றி, அது மூழ்கும்வரை ரெசின் ஊற்றுகிறார்கள். இங்கே ஊற்றுவது எபாக்சி அல்ல. மெதாக்ரிலேட் என்ற இன்னொரு வகை. தண்ணீரைப் போல இளகியது. மூலக்கூறு சிறியது. முக்கியமாக, 90 டிகிரி செல்சியஸ் வரை சூடாக்கினால்தான் இறுகும். எபாக்சியைக் கலந்த நிமிடமே வினை தொடங்கிவிடும். மரம் குடித்து முடிக்கும்வரை அது காத்திருக்காது. மெதாக்ரிலேட் காத்திருக்கும்.

பாத்திரத்தை மூடி வேக்குவம் பம்பை ஓடவிட்டால் மரத்திலிருந்து குமிழிகள் கொப்பளித்து வருகின்றன. பம்ப் ரெசினை மரத்துக்குள் இழுக்கிறது என்று பார்க்கிறவர்கள் நினைப்பார்கள். பம்ப் அந்த வேலையைச் செய்யவே இல்லை. அது காற்றை வெளியே எடுக்கிறது, அவ்வளவுதான்.

1662இல் ராபர்ட் பாயில் வெளியிட்ட விதி இங்கே நமக்குப் போதும்: சூடு மாறாதவரை, அழுத்தம் எத்தனை மடங்கு குறைகிறதோ அத்தனை மடங்கு வாயு விரியும். பம்ப் அழுத்தத்தை இருபதில் ஒரு பங்காகக் குறைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மரத்துக்குள் இருக்கும் 18 கன சென்டிமீட்டர் காற்று இருபது மடங்கு விரியப் பார்க்கும். உள்ளே இடம் ஏது? இருபதில் பத்தொன்பது பங்கு குமிழியாக வெளியேறிவிடும். எஞ்சிய ஒரு பங்கு காற்று அதே 18 கன சென்டிமீட்டரை மெல்லிதாக நிறைத்து நிற்கும். இந்தக் கட்டம்வரை ரெசின் உள்ளே அதிகம் போகவில்லை.

குமிழி நின்றதும் பம்பை நிறுத்தி வெளிக்காற்றைப் பாத்திரத்துக்குள் திறந்துவிடுகிறார்கள். உண்மையான வேலை அப்போதுதான் நடக்கிறது. வளிமண்டலம் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டர் மீதும் ஒரு கிலோ எடையாக ரெசினை அழுத்துகிறது. உள்ளே மெலிந்து நின்ற காற்று இருபதில் ஒரு பங்காக ஒடுங்கி, ஒரு கன சென்டிமீட்டருக்கும் குறைவாகிவிடுகிறது. அது விட்ட 17 கன சென்டிமீட்டர் இடத்தை ரெசின் பிடித்துக்கொள்கிறது. நுண்ணிய வாசல்கள் வழியாகப் போக நேரம் பிடிக்கும். பம்ப் ஓடிய நேரத்துக்குக் குறையாமல், முடிந்தால் இரண்டு மடங்கு நேரம், ஊறவிட வேண்டும். அவசரப்பட்டு எடுத்தால் நடுமரம் வெறுமையாகவே இருக்கும்.

பிறகு சூடாக்கி இறுக வைத்ததும் எடை பாருங்கள். 13.5 கிராம் துண்டு 31 கிராமைத் தொட வேண்டும் என்பது நம் கணக்கு. எல்லா வெளிக்கும் வழி திறந்திருப்பதில்லை என்பதால் நடைமுறையில் கொஞ்சம் குறையும். இரண்டு மடங்கு தாண்டினாலே நல்ல ஊறல். தண்ணீரில் போட்டால் இப்போது மூழ்கும்.

தண்ணீர் முழுக்கப் போகாத மரத்தைப் பம்பில் வைத்தால் என்ன ஆகும்? தண்ணீர் 100 டிகிரியில் கொதிப்பது சாதாரணக் காற்றழுத்தத்தில். அழுத்தம் இருபத்து நான்கில் ஒரு பங்காகக் குறைந்தால் 30 டிகிரியிலேயே, அதாவது நம் ஊர் அறைச் சூட்டிலேயே, கொதித்துவிடும். மரத்துக்குள் இருக்கும் நீர் ஆவியாகிக் குமிழி விட்டுக்கொண்டே இருக்கும். நாள் முழுக்கப் பம்ப் ஓடினாலும் குமிழி நிற்காது. காற்று இன்னும் வருகிறது என்று நினைத்துக் காத்திருப்பது வீண், அது நீராவி.

வார்ப்பில் அழுத்தம்

மரத்துண்டு தயார். இனி நீலம். சிலிக்கோன் அச்சில் துண்டை வைத்து, மைக்காப் பொடியும் சாயமும் கலந்த எபாக்சியைச் சுற்றி ஊற்றுகிறார்கள். எபாக்சி இறுகும்போது வெப்பம் வெளியாகும். மெல்லிய அச்சில் அந்த வெப்பம் பக்கவாட்டில் போய்விடும். பெரிய கோப்பையில் மொத்தமாகக் கலந்து வைத்தால் வெப்பம் உள்ளேயே தங்கி வினையை விரைவுபடுத்தி, அது இன்னும் வெப்பத்தைக் கூட்டி, சில வேளை புகைந்தே போகும்.

ஊறவைக்காத மரத்தை நேரே வார்ப்பவர்களுக்கு இந்த வெப்பம் வினையாகிறது. மரத்துக்குள் இருக்கும் காற்று 27 டிகிரியிலிருந்து 67 டிகிரிக்குச் சூடானால் 13 சதவீதம் விரியும். 18 கன சென்டிமீட்டர் காற்றில் அது இரண்டு கன சென்டிமீட்டருக்கு மேல். ரெசின் கெட்டிப்பட்டு வரும் நேரத்தில் இத்தனை காற்றும் அதற்குள் பீறிடும். முன்பே மரத்தை நிரப்பியதன் பலன் இங்கேதான் தெரிகிறது.

ஆனாலும் கலக்கும்போது சேர்ந்த சிறு குமிழிகள் இருக்கும். அவற்றுக்கும் வேக்குவம் பம்ப்தானே தீர்வு? இல்லை, இங்கே அதற்கு நேர்மாறானது தேவை. பம்ப் குமிழியை விரிக்கும்; விரிந்த நிலையில் ரெசின் இறுகிவிட்டால் பெரிய ஓட்டை அப்படியே நின்றுவிடும். ஆகவே அச்சை ஓர் அழுத்தக் கலத்துக்குள் வைத்து, காற்றழுத்தத்தை ஐந்து மடங்காக்குகிறார்கள். ஒரு மில்லிமீட்டர் குமிழியின் கொள்ளளவு ஐந்தில் ஒன்றாகும். விட்டம் அவ்வளவு சுருங்குவதில்லை, 0.58 மில்லிமீட்டர்தான் ஆகும். இதை மட்டும் வைத்துப் பார்த்தால் குமிழி மறையக் காரணமில்லை. மீதி வேலையை ரெசினே செய்கிறது. அழுத்தம் கூடினால் திரவத்தில் கரையும் வாயுவின் அளவும் கூடும். சோடாப் பாட்டிலில் வாயு கரைந்திருப்பதும் இப்படித்தான். சுருங்கிய குமிழி ரெசினுக்குள் கரைந்துகொண்டே போய்க் கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு வந்துவிடும். சோடாவைத் திறந்ததும் வாயு பொங்கி வரும். இங்கே கலத்தைத் திறக்கும்போது ரெசின் திடமாகிவிட்டதால் பொங்க வழியில்லை.

காற்றை எடுக்க வெற்றிடம், காற்றை ஒடுக்க அழுத்தம். கடையில் கேட்ட கேள்விக்கு இதுவே விடை.

தச்சர் கழித்த மரம்

எந்த மரம் நன்றாகக் குடிக்கும்? தச்சுக்கு நல்ல மரம் எதுவோ அது இதற்கு ஆகாது. வைரம் பாய்ந்த மரம் என்று பெருமையாகச் சொல்கிறோமே, அந்த நடுமரத்தில் குழல்கள் அடைபட்டுவிட்டன. மரம் வயதாகும்போது பழைய குழல்களைத் தானே பிசினாலும் பிதுங்கிய செல்களாலும் அடைத்துக்கொள்கிறது. பூச்சியும் நீரும் புகாமல் இருப்பதற்கு அதுதான் காரணம். ரெசினும் புகாமல் இருப்பதற்கும் அதுவேதான் காரணம். வெளிப்பக்கத்து வெள்ளை மரம், கணு முறுக்கிய அடிமரம், பூஞ்சை ஏறிக் கருங்கோடு விழுந்து பஞ்சாகிப்போன துண்டு, இவையே ஆவலாகக் குடிக்கும். பேனாவில் மிக அழகாகத் தெரிபவையும் இவைதான். பூஞ்சை போட்ட கோடுகளை எந்த ஓவியராலும் வரைய முடியாது.

கடலூர் மாவட்டத்தின் செம்மண் மேட்டில் முந்திரியும் பலாவும் தோப்புத் தோப்பாக நிற்கின்றன. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையேறியபோது பண்ருட்டிப் பகுதியில் அந்தத் தோப்புகள் வேரோடு சாய்ந்தன. தலைமுறை தலைமுறையாக வளர்த்த மரங்கள் விறகாகப் போயின. முந்திரி மரத்தைத் தச்சர் விரும்புவதில்லை. லேசானது, கோணல் மாணலானது, பூச்சி அரிக்கும். விழுந்தால் விறகு, காய்ப்பு நின்றால் விறகு. நம் கணக்குப்படி, அந்த விறகில் ஒரு பேனாவுக்குத் தேவைப்படுவது 13.5 கிராம். அடுப்புக்குள் போகும் ஒவ்வொரு கணுக்கட்டையிலும் எத்தனை பேனாக்கள் எரிகின்றன என்று நினைத்தால் எனக்கு மனம் பதைக்கிறது.

வார்த்த கட்டையைக் கடைவது தனிக் கலை. விரித்துச் சொல்ல இங்கே இடமில்லை. நடுவே 7 மில்லிமீட்டர் துளை போட்டுப் பித்தளைக் குழாயை ஒட்டி, லேத்தில் மாட்டி, கூர்மையான உளியால் மெல்ல மெல்ல எடுக்க வேண்டும். உளி மழுங்கியிருந்தால் ரெசின் சில்லுச் சில்லாகத் தெறிக்கும்; கூர்மையாக இருந்தால் நாடாவாகச் சுருண்டு வரும். ஒன்றை மட்டும் சொல்லியாக வேண்டும். சூட்டில் மரமும் ரெசினும் ஒரே அளவு நீள்வதில்லை. 30 டிகிரி சூடு ஏறினால் 120 மில்லிமீட்டர் எபாக்சி 0.2 மில்லிமீட்டர் நீள முயலும். மரம் நீளவாக்கில் அதில் பத்தில் ஒரு பங்குகூட நீளாது. வெயிலில் நிறுத்திய காருக்குள் இந்தப் பேனாவை விட்டுவிட்டு வந்தால், மரமும் நீலமும் சேரும் கோட்டில் அந்த இழுபறி மெல்லிய விரிசலாக வெளிப்படலாம்.

இதே வேலையை நிலம் செய்தபோது

புதுச்சேரிக்கு வடமேற்கே, விழுப்புரம் மாவட்டம் வானூர் வட்டத்தில் இருக்கிறது திருவக்கரை. வக்ரகாளியம்மனைப் பார்க்க வரும் கூட்டத்தில் சிலர் பக்கத்திலிருக்கும் கல்மரப் பூங்காவுக்கும் போவார்கள். 247 ஏக்கரில், தரையில் கிடக்கும் அடிமரங்கள். பார்வைக்கு மரம், கை வைத்தால் கல். வளையமும் நாரும் கணுவும் அப்படியே தெரியும். பிரெஞ்சு இயற்கையியலாளர் சொன்னரா 1781இலேயே இவற்றைப் பதிவு செய்தார். இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை இவ்விடத்தைத் தேசியப் புவியியல் நினைவுச்சின்னமாகக் காத்துவருகிறது.

அந்த மரங்கள் புதைந்திருக்கும் பாறைக்குக் கடலூர் மணற்கல் என்றுதான் பெயர். பண்ருட்டி முந்திரித் தோப்புகள் வேர்விட்டிருக்கும் செம்மண்ணும் அந்தப் பாறையிலிருந்து வந்ததே. ஏறத்தாழ இரண்டு கோடி ஆண்டுகளுக்கு முன்பு வெள்ளம் இந்த மரங்களை எங்கிருந்தோ உருட்டிக்கொண்டு வந்தது. வேரும் கிளையும் இலையும் இவற்றோடு இல்லாததை வைத்து அப்படிச் சொல்கிறார்கள். ஆற்று மணல் வேகமாக மூடியதால் காற்றுப் படாமல் போயிற்று, மரம் அழுகவில்லை.

அதற்குப் பிறகு நடந்தது நாம் இதுவரை பார்த்த அதே வேலை. நிலத்தடி நீரில் சிலிக்கா கரைந்திருக்கும். மணலும் படிகக்கல்லும் எந்தப் பொருளோ அதே பொருள்தான், ஆனால் கரைந்த நிலையில் மிகச் சிறிய மூலக்கூறாக, சிலிசிக் அமிலமாக இருக்கிறது. மரத்தின் நுண்வாசல்கள் வழியாகத் தடையில்லாமல் நுழைகிறது. செல் சுவரில் ஒட்டிக்கொண்டு, ஒன்றோடொன்று பிணைந்து, வலையாக வளர்ந்து, இறுகுகிறது. இதுவும் பலபடியாதலே. காலம் போகப் போக செல் சுவர் சிதைந்த இடத்தையும் சிலிக்கா பிடித்துக்கொள்கிறது. ஈரம் கலந்த சிலிக்கா மெல்ல மெல்லப் படிகமாகிறது.

நம் முந்திரித் துண்டையே அந்த மணலில் புதைத்ததாக நினைத்துக் கணக்குப் போடுவோம். 18 கன சென்டிமீட்டர் வெளியைச் சிலிக்காவால் நிரப்ப ஏறக்குறைய 47 கிராம் தேவை. நிலத்தடி நீரில் லிட்டருக்கு 50 மில்லிகிராம் சிலிக்கா என்று வைத்து, வரும் சிலிக்கா ஒரு துளியும் தப்பாமல் மரத்திலேயே தங்குகிறது என்றும் வைத்துக்கொண்டால், அந்த ஒரு பேனாத் துண்டுக்குள் 940 லிட்டர் நீர் கடந்து போயிருக்க வேண்டும். உண்மையில் பெரும்பகுதி தங்காமலே போகும். ஆகவே தேவைப்படும் நீர் இதைவிடப் பல மடங்கு. திருவக்கரையின் ஓர் அடிமரத்துக்கு எத்தனை குளம் தண்ணீர் ஊறியிருக்கும் என்று நீங்களே கணக்குப் பார்த்துக்கொள்ளலாம்.

இதற்குக் கோடி ஆண்டுகள் வேண்டும் என்பதும் இல்லை. ஜப்பானின் டாடேயாமா வெந்நீர் ஊற்றில், சிலிக்கா மிகுந்த சுடுநீரில் போட்டுவைத்த மரத்துண்டுகளுக்குள் 7 ஆண்டுகளிலேயே கணிசமான சிலிக்கா ஏறியிருந்ததை 2004இல் வெளியான ஆய்வு காட்டியது. திரவம் செறிவாக இருந்தால் வேலை வேகமாக நடக்கும். பேனா செய்கிறவர் இந்த வேகத்தின் எல்லைக்கே போய்விட்டார்: அவர் ஊற்றும் திரவம் முழுக்க முழுக்கப் பிசின்தான், கரைந்து வரக் காத்திருக்க வேண்டியதில்லை.

செய்து பார்க்க நினைப்பவர்களுக்கு

இந்த வேலையைக் கற்றுக்கொள்ளக் கடலூர், சிதம்பரம் பக்கத்து இளைஞர்களுக்கு எல்லாம் கைக்கெட்டிய தூரத்தில் இருக்கின்றன: மரம், கடைசல் பட்டறை, வேதியியல் படித்தவர்கள். ஆனால் மூன்று விஷயங்களில் கவனம் தேவை.

இறுகாத எபாக்சி தோலில் படக்கூடாது. திரும்பத் திரும்பப் பட்டால் ஒருநாள் ஒவ்வாமை தொடங்கும். தொடங்கிவிட்டால் பெரும்பாலும் ஆயுள் முழுக்க இருக்கும். கையுறை இல்லாமல் தொடாதீர்கள். கடையும்போதும் தேய்க்கும்போதும் வரும் தூள் நுரையீரலுக்கு ஆகாது. துணியைக் கட்டிக்கொண்டால் போதாது, நுண்தூளைத் தடுக்கும் முகக்கவசமே வேண்டும்.

அழுத்தக் கலத்துக்குப் பதிலாகச் சமையல் குக்கரை ஒருபோதும் பயன்படுத்தாதீர்கள். குக்கர் தாங்க வேண்டியது வெளிக்காற்றுக்கு மேல் ஒரு மடங்கு அழுத்தம் மட்டும். இங்கே ஏற்றுவது நான்கு மடங்கு. 25 சென்டிமீட்டர் மூடியின் மீது அது இரண்டு டன் எடை. அந்த அழுத்தத்துக்கென்றே சோதித்துத் தந்த, பாதுகாப்பு வால்வு உள்ள கலம் தவிர வேறெதுவும் கூடாது.

திருவக்கரைக்கு அவசியம் போய் வாருங்கள், பிள்ளைகளையும் அழைத்துப் போங்கள். அங்கிருந்து ஒரு சில்லைக்கூட எடுத்து வராதீர்கள். அது சட்டப்படி குற்றம், போனால் திரும்பக் கிடைக்காதது. பேனாவுக்கு முந்திரி விறகு போதும்.